கிளிக்கு விழுந்த தொக்கம்

"கக்குதுடி அது! தொண்டையில தொக்கம் விழுந்து கெடக்கு..."

"கக்கலத்தே. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"என்னத்தடி சொல்லப்போற? விடிஞ்சதுலேர்ந்து கழுத்த இழுத்து இழுத்துத் தின்னதையெல்லாம் வெளிய தள்ளுது. எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

மாமியார் கஸ்தூரியம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் அவளுக்குக் காது கேட்காது. சங்கிலியம்மாளுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கிளிக்கூண்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தொக்கம் எடுக்கிற இருளம்மாளுக்கு ஆள் போயாகிவிட்டது.

மார்க்கையன்கோட்டையில் எந்தப் பால்குடிப் பிள்ளை கக்கினாலும் இருளம்மாள்தான். தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறதென்று விளக்கெண்ணெய் தொட்டுக் கழுத்தை நீவுவாள். காதில் குழலை வைத்து ஊதுவாள். கடைசியில் கடலைத்தோலோ முடியோ ஒன்றை எடுத்துக் காட்டுவாள். பிள்ளைக்குச் சரி. சுண்டுவிரல் கனமிருக்கிற கழுத்தில் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கிளி மிஞ்சுமா?

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றாள் புருஷனிடம்.

ராக்கையா ஏலத்தோட்டத்து வேலைக்காரன். பொங்கலுக்கு மலையிறங்கி வந்தவன், விடிந்தால் திரும்ப வேண்டும். இந்தக் கிளியும் அவன் கொண்டுவந்ததுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், இறகு முளைக்காத குஞ்சாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "பொழுது போகும், வச்சுக்க" என்று கொடுத்துவிட்டு ஏறிப்போனான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளோடு முகங்கொடுத்துப் பேசியது அது ஒன்றுதான்.

"ஆத்தா கூப்புட்டு விட்டாக. நான் என்ன சொல்ல?" என்று துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான் அவன்.

இருளம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். கூண்டைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"ஏண்டி சங்கிலி, ஒனக்கு வரவேண்டிய மசக்கை ஒங் கிளிக்கு வந்துருச்சா?"

சங்கிலியம்மாளுக்குச் சுருக்கென்றது. அதற்குள் இருளம்மாளின் எண்ணெய்க் கை கூண்டுக்குள் போய்விட்டது. போன வேகத்தில் வெளியே வந்தது.

"ஆத்தாடி! வெரலக் கடிச்சிருச்சே! ஏலே ராக்கையா, ஒரு துணியப் போட்டு அமுக்குடா!"

ராக்கையா துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். சங்கிலியம்மாள் கூண்டை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"செத்த பொறுங்க. அம்புட்டுப் பேரும் வாசல்கிட்ட நின்னு பாருங்க. பெறகு என்ன வேணும்னாலும் செய்ங்க."

"என்னடி பாக்கணும்?"

"ஐப்பசி மழையில இதுக்கு மெய்யாவே சீக்கு வந்துச்சுல்ல அத்தே? ஒடம்ப உப்பிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பத் தலைய ஒதறி ஒதறிக் கக்குனது நாலாபக்கமும் தெறிச்சுச்சு. மொகமெல்லாம் பிசுபிசுன்னு அப்பிக்கிட்டு... இப்ப அப்பிடியா இருக்கு?"

கூண்டுக் கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டினாள். கிளி ஓரடி, ஈரடி நகர்ந்து வந்தது. இந்த வருடந்தான் அதன் கழுத்தில் ரோஜா நிற ஆரம் விழுந்திருந்தது. கண்ணின் கருமணி சுருங்கி விரிந்தது. தலையை மேலும் கீழுமாக ஆட்டி, தொண்டையை எக்கி, காலையில் தின்ற கொய்யாப்பழத்தை மேலே கொண்டுவந்து, ஒரு துணுக்குச் சிந்தாமல் அவள் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டு நிமிர்ந்து, தின்கிறாளா என்று பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தது.

"ஒதறவே இல்லையே," என்றாள் இருளம்மாள். குரல் இறங்கியிருந்தது.

ராக்கையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "மலையில பாத்துருக்கேன். பட்டமரப் பொந்துல பெட்டை முட்டை மேல உக்காந்துருக்கும். ஆணு தின்னுட்டு வந்து, அதத் தொண்டையிலருந்து எடுத்து அதுக்கு ஊட்டும். இதே மாதிரிதேன்."

"அப்பச் சீக்கு இல்லையா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"சீக்கு இல்ல. கழுத்துல ஆரம் விழுந்துருச்சுல்ல, இது ஆணு. இவளப் பெட்டைன்னு நெனச்சுக்கிருச்சு."

"அடி சக்க! ஏலே, நீ மலையில கெடக்கயில இங்கன ஒருத்தன் ஒம் பொண்டாட்டிக்குச் சோறு போட்டுருக்கான்டா!" இருளம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கஸ்தூரியம்மாள், "சீ, கருமம்" என்று தலையிலடித்துக்கொண்டு, அவளுக்கு வெற்றிலை எடுக்க உள்ளே போனாள்.

ராக்கையா சிரிக்கவில்லை. மூட்டை முடிச்சை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். இருளம்மாள் வெற்றிலையை வாங்கிக்கொண்டு தெருவிறங்கும்வரை காத்திருந்தான்.

"முதுகத் தடவுறயா அத?"

"தடவுனாத்தேன் தூங்கும்."

"தடவாத. அதுலதேன் அதுக்குப் புத்தி பெரளுது." கூண்டுப்பக்கம் பார்க்காமல் சொன்னான். "எதுக்கு வம்பு? அவுத்து விட்டுரு. எங்கனயாச்சும் போயி ஒரு சோடியத் தேடிக்கிரட்டும். கம்பிக்குள்ள ஒத்தையில கெடந்து இல்லாத குடும்பத்த நடத்துது, பாவம்."

அவள் கை கூண்டுக் கதவிலேயே இருந்தது. கிளி மறுபடியும் தொண்டையை எக்கத் தொடங்கியது.

"தெறந்து விடுறேன். நாளைக்கு என்னையவும் மலைக்குக் கூட்டிட்டுப் போறீகளா?"