நீர்முள்ளிக் கூண்டுகள்

...சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும், போன முறை இதே கட்டத்தில் இறங்கிவிட்டதே, இப்போது மட்டும் என்ன வந்தது, ஹுமைரா மீட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்தாள், முன்னூற்றுப் பத்து, தட்டினால் எண் மாறுமா என்ன... எலியின் வாலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தாள், அது கையுறைக்குள் வெதுவெதுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது, இவளே ஊசி போட்டுச் சர்க்கரையை வரவழைத்த எலி, இவளே சாறு கொடுத்துக் குணமாக்கப் பார்க்கிற எலி, இவளைப் பற்றி அது என்ன நினைக்கும்? தஞ்சாவூரில் அவள் ஆய்வு செய்யும் கல்லூரியின் எலிக்கூடத்தில் மூன்று வரிசைக் கூண்டுகள், ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குக் கடையில் விற்கிற சர்க்கரை மாத்திரை, கடைசி வரிசைக்கு நீர்முள்ளிச் சாறு, சொந்த ஊரான குடவாசலின் வாய்க்கால் கரையில் விரலெல்லாம் முள் தைக்க அவளே பறித்து, நிழலில் உலர்த்தி, அரைத்து வடித்தது. முதல் சுற்றில் அந்த வரிசைக்குச் சர்க்கரை அழகாக இறங்கியது. வழிகாட்டிப் பேராசிரியர் நாகநாதன் உடனே சொன்னார், நல்லா வந்திருக்கும்மா, இதை வச்சே எழுதிடு. இன்னொரு தடவை பாத்துடறேன் சார் என்று இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த முன்னூற்றுப் பத்து இல்லை... இல்லாமல் என்ன, தெரியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த கூண்டு. உமியைக் கிளறிக்கொண்டு ஓடிய எலி மூலையில் பிடிபட்டது. காலையில் பஸ்ஸில் வரும்போது அம்மா போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது, அத்தா சர்க்கரை ஊசி போடுறதை நிறுத்திட்டாங்கடி, எங்கிட்டக்கூட சொல்லல, கால் விரல் புண்ணு கறுத்துப்போய்க் கெடக்கு... ஊசிக்குப் பதில் நீர்முள்ளிக் கஷாயமாம், எம் மக கண்டுபிடிச்சது இருக்கும்போது ஊசி எதுக்கு என்றாராம், தன் உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாராம். அப்படி என்ன சொல்லிவிட்டாள் அவள்? எலிக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கு அத்தா, அவ்வளவுதானே? எலிக்கு என்பது அவர் காதில் விழவே இல்லையா, இல்லை, தான்தான் சந்தோஷத்தில் அந்தச் சொல்லை மென்று விழுங்கிவிட்டோமா? பஸ்ஸிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. முன்னூற்று இருபது. எழுதினாள். இருநூற்றுத் தொண்ணூறு. அதையும் எழுதினாள். போன் அடித்தது, அத்தா. கையுறையை உருவிப் போட்டாள்.

"என்னம்மா, கூப்பிட்டிருந்தியே? கடையில கூட்டம்."

"ஊசியை ஏன் அத்தா நிறுத்துனீங்க?"

"உன் மருந்துதான் இருக்கே."

"அது எலிக்குப் பாத்தது அத்தா. இந்தத் தடவை எலிக்கும் கேக்கல."

அந்தப் பக்கம் யாரோ மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது. அத்தா லியாகத் அலி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப அது வேலை செய்யாதா?" என்றார். செய்யும் என்றால் பொய், செய்யாது என்றாலும் பொய்தான், நடுவில் இருப்பதை எப்படிச் சொல்வது, பெருமையாகச் சொல்லித் திரிகிறவரிடம்...

"இன்னும் தெரியல அத்தா. தெரியறப்ப சொல்றேன். இப்ப அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பி வாங்க, பெரியாஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

"கடை?"

"பூட்டுங்க."

தன் குரலா இது, அவரிடம் இதுவரை இப்படிப் பேசியதே இல்லையே. அவர் யாரிடமோ கடைச் சாவியைக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "சரி, வர்றேன். ஊசியும் போட்டுக்கறேன். ஆனா கஷாயத்தை விடமாட்டேன்" என்றார்.

"அதை டாக்டர் சொல்லட்டும். முதல்ல வாங்க."

அவர்கள் வந்து சேர்வதற்குள் மிச்சக் கூண்டுகளை முடித்துவிடலாம், முடித்தே தீர வேண்டும், இறங்கினாலும் இறங்காவிட்டாலும் உள்ளது உள்ளபடி, தேவையானால் மூன்றாவது சுற்று, சார் முகம் சுளித்தாலும் சரி. புதுக் கையுறை மாட்டினாள். சொட்டு ரத்தம், மீட்டர் யோசித்தது, அந்தக் கொஞ்ச நேரம் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனித்தாள்... ஊசியில்தான் அந்தப் புண் ஆறும், ஆற வேண்டும், ஆறினாலும் அவர் என்ன சொல்வார், எம் மக மருந்துதான் ஆத்துச்சு என்பார், கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார், கேட்டுவிட்டு இன்னொருவர் ஊசியை நிறுத்துவார், இவள் அங்கேயே மறுக்க வேண்டும், மறுப்பாள், அதில் சந்தேகமே இல்லை... ஆனால் மறுப்பதற்கு முன்னால், ஒரே ஒருமுறை, அவர் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசையாக இருக்கிறது?