ஸினாயிதாவின் வலது கால்

எங்கள் அலுவலக அலமாரியில், காபித் தூளுக்கும் காகிதக் கட்டுக்கும் பின்னால், ஒரு பெண்ணின் வலது கால் பதினான்கு மாதம் கிடந்தது. செயற்கைக் கால்தான். ஆனால் அதை மாட்டிக்கொண்டு நின்றுதான் அவள் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தாள்.

ஸினாயிதா எல்லைக்கு அந்தப் பக்கம், ப்ஸ்கோவில், ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. கால் வாங்கியது இந்தப் பக்கம், ரீகாவில், செயற்கைக் கால் செய்கிற எங்கள் கம்பெனியில். வருடா வருடம் சர்வீசுக்கு அவளே வருவாள். வரும்போது அவர்கள் ஊர் ஏரியின் பொடிமீன் கருவாடு ஒரு பொட்டலம் எனக்கு. உக்ரைனில் சண்டை தொடங்கிய பிறகு அவர்களுக்கு விசா நின்றுபோனது. காலைப் பெட்டியில் போட்டு, பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பினாள். இரண்டு வாரம் ஊன்றுகோலில் சமாளித்துக்கொள்வேன் என்றாள்.

பத்தாம் நாளே ரிப்பேர் முடிந்துவிட்டது. திருப்பி அனுப்பக் கிளம்பியபோது முதலாளி எகீல்ஸ் தடுத்தார்.

"அந்த நாட்டுக்கா? எதுக்கு வம்பு? முழங்கால்ல கம்ப்யூட்டர் சிப்பு இருக்கு. தடைன்னு ஒரு லெட்டர் போட்டு விடு, விஸ்மா."

போட்டேன். 'பொருளாதாரத் தடை காரணமாகத் தங்கள் பொருளை அனுப்ப இயலவில்லை.' அடித்தது நான், கையெழுத்தும் என்னுடையது. மறுநாளே ஃபோன் வந்தது.

"ஏன்டி விஸ்மா, என் கால் என்ன டாங்கியா? அதை வெச்சுக்கிட்டு நான் யாரைச் சுடப் போறேன்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தடை வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். என் தம்பி மாதம் ஒரு தடவை உக்ரைனுக்கு வேனில் மருந்து கொண்டு போகிறவன். தடையை மதித்து வியாபாரத்தை நிறுத்திய கம்பெனிகளை ஸினாயிதாவின் நாட்டுக் கோர்ட்டுகள் இழுத்தடித்தபோது, அவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. அங்கே போடுகிற தீர்ப்பு இங்கே செல்லாது, வழக்குப் போட்டவர்களிடமே செலவைத் திருப்பிக் கேட்கலாம். நல்ல சட்டம் என்று நானும் கை தட்டினேன். அந்தக் குடைக்குள் எகீல்ஸும் வந்து ஒதுங்குவார் என்று யார் கண்டது?

ஊன்றுகோலோடு கொதிக்கிற அண்டா பக்கத்தில் நிற்க முடியாது என்று ஸினாயிதாவைப் பள்ளிக்கூடத்தில் விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். மறு வருடம் செப்டம்பர் ஒன்றாம் தேதி இரண்டு காலில் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். கெஞ்சிப் பார்த்தாள், கடிதம் எழுதிப் பார்த்தாள், கடைசியில் அவள் ஊர்க் கோர்ட்டுக்குப் போனாள். காலைக் கொடுத்துவிடுங்கள் என்று தீர்ப்பு வந்தது.

ஆகஸ்ட் மாதம், எகீல்ஸின் பெயர்நாள், நாட்காட்டியில் அவர் பெயருக்கு உரிய நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, தானாக வருவார்கள். கம்பெனி வக்கீல் ரைவிஸ் மூன்று பூவோடு வந்தான். மேஜையில் பாதாம் தூவிய பெரிய கிளிங்கெரிஸ் கேக், பக்கத்தில் கறுப்பு பால்ஸம் மது பாட்டில்.

"டபுள் சந்தோஷம்!" என்றான் ரைவிஸ். "அந்தத் தீர்ப்பு இங்க செல்லாதுன்னு நம்ம கோர்ட் சொல்லிடுச்சு. இப்ப நம்ம செலவை அந்தம்மாகிட்டயே கேக்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருப்பவளை ஜெயித்ததற்குக் கேக்!

ரைவிஸ் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான். "இதுல ஒரு கையெழுத்து. கால் வந்தப்பவே தடைப் பட்டியலைப் பாத்தோம், அனுப்பக் கூடாதுன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

"யாரும் பாக்கலையே," என்றேன்.

"சட்டம் என்ன சொல்லுது? தடைன்னு நம்பி நடந்தவங்களுக்குப் பாதுகாப்பு. நாம நம்பினோமா இல்லையா?"

"பட்டியலையே பாக்காம எப்படிங்க நம்பறது?"

"பாக்கலன்னா நம்பறது இன்னும் சுலபம்," என்றான். எகீல்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கேக் துணுக்கு மேஜையில் தெறித்தது.

சீ! பொய் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும், பொய்யை வாயில் குதப்பிக்கொண்டு கேக் தின்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒரு படிவம்தான் எகீல்ஸ். அனுப்பலாமா கூடாதான்னு அரசாங்கத்தையே கேட்டிருக்கலாம். பதினாலு மாசத்துல நாலு தடவை உங்க மேஜையில வெச்சேன்."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதேம்மா. தட்டு எடுத்துட்டு வா."

தட்டுகள் அந்த அலமாரியில்தான். பெட்டியை நகர்த்தினால்தான் கைக்கு எட்டும். நகர்த்தினேன், தூக்கினேன், கீழே வைக்க மனசு வரவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"கால் இருந்தும் நடக்க முடியாதவ ஒருத்தி இருக்கா. அவளுக்குக் கொடுக்க."

எகீல்ஸ் முகத்தில் சிரிப்பு போயிற்று. "சட்டம் கம்பெனியைத்தான் காப்பாத்தும் விஸ்மா, உன்னை இல்ல. இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே."

தாண்டினேன்.

நாலு மணி நேரம் கார் ஓட்டி எல்லைக்குப் போனேன். வரிசையில் ப்ஸ்கோவ் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதே டிரைவர். "அடடே, கால் ஊருக்குக் கிளம்பிடுச்சா!" என்றார். எங்கள் பக்கத்துச் சுங்கச் சாவடியில் இருந்த பெண் பெட்டியைத் திறந்தாள். ரிப்பேர் சீட்டைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பிடுங்கி வைத்துக்கொண்டால்?

"நோயாளியோட சொந்த மருத்துவச் சாமான். இதுக்குத் தடையே கிடையாது," என்றாள் அவள். "சீட்டுல போன வருஷத் தேதி போட்டிருக்கு. இத்தனை நாள் எதுக்கு வெச்சிருந்தீங்க?"

சோதனை முடிய நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெட்டியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

செப்டம்பருக்கு ஒன்பது நாள் இருந்தது. போதும், ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஊர் திரும்பினேன். மறுநாள் ஸினாயிதா கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு கண்ணு! பளபளன்னு இருக்கு. நீ மகராசியா இருக்கணும்."

"மாட்டிப் பாத்தீங்களா ஸினாக்கா? நடந்தீங்களா?"

"தொடை இளைச்சுப் போச்சுடி. இத்தனை மாசம் வேலையே கொடுக்கலையே அதுக்கு. சாக்கெட்டுக்குள்ள விட்டா லொடலொடன்னு ஆடுது. துணியைச் சுத்திக்கூடப் பாத்தேன், ரெண்டடி வெச்சதும் விழுந்துட்டேன். புதுசா அளவெடுத்துச் செய்யணுமாம். உங்க கம்பெனி கால், இங்க யாரும் தொட மாட்டேங்கிறாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"உங்க முதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். வழக்குப் போட்டது என் தப்புதான், மன்னிச்சிடச் சொல்லு. வாபஸ் வாங்கிடறேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன். இங்கயே யாரையாவது வெச்சு அளவெடுத்து அனுப்பறேன், சாக்கெட் மட்டும் செஞ்சு கொடுத்தாப் போதும். நீ சொன்னாக் கேப்பாரு இல்ல?"

அந்தக் கடிதத்தை அடித்தவளிடம் அவள் மன்னிப்புக்குத் தூது சொல்லி அனுப்புகிறாள்.

"சொல்றேன் ஸினாக்கா," என்றேன். அந்த அலுவலகத்துக்குள் இனி நான் கால் வைக்க முடியாது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.