அசையாத எட்டு வினாடி

சனிக்கிழமை சாயங்காலம் சைட் ஆபீஸில் பட்டியலைப் பார்க்கும்வரை மாயாவுக்கு அந்த வீட்டின் நினைப்பே இல்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி மேம்பாலம் கட்டுகிறார்கள். தூணுக்கு அஸ்திவாரம் இறக்கும் பைலிங் மிஷின் அடிக்கிற அடியில் சுவரெல்லாம் வெடித்துவிட்டது என்று சந்துக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டதால், வீடு வீடாகப் போய் விரிசல்களைப் படம் எடுத்துவர ஒப்பந்தக்காரர் ஆள் போட்டிருந்தார். அந்த ஆள்தான் மாயா. வியாசர்பாடியில் பதினாறு வருஷம் நடத்திய ஸ்டுடியோவை மூடிய பிறகு கிடைத்த வேலை. ஒரு நாளைக்கு நாற்பது வீடு. படியேறு, பீரோவை நகர்த்தச் சொல், படம் எடு, இறங்கு.

முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே 'அடைக்கலமேரி, கீழ்த்தளம், சேதம் இல்லை' என்று இருந்தது. அந்த அம்மாள் விரிசலைத் தடவிக் காட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரல் நுனி உள்ளே போயிருந்தது.

இன்ஜினியர் செங்குட்டுவன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தான். விரிசல் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்தான் இருந்தது.

"அழுக்கு மாதிரி இருக்கு மேடம். இத வெச்சு நான் என்னன்னு எழுதறது?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் பட்டியல் மேலே போய்விடும், அதற்குள் சரியான படம் வந்தால் மாற்றி எழுதுகிறேன் என்றான்.

என்ன நடந்தது என்று மாயாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையிலிருந்து ட்ரைபாடைத் தூக்கிச் சுமந்து தோள் விட்டுப்போய், மதியத்துக்கு மேல் அதை ஸ்கூட்டரிலேயே போட்டுவிட்டாள். அந்த அறையின் இருட்டுக்குக் கேமராவை அரை வினாடியாவது திறந்து வைக்கவேண்டும். அரை வினாடி எந்தக் கையும் ஆடாமல் நிற்காது. அவளுக்கும் நிற்கவில்லை. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ட்ரைபாடோடு போய் நின்றாள். அடைக்கலமேரி அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து புடவைகூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அறுபது வயசு இருக்கும். புருஷன் ஹார்பரில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். படம் சரியாக வரவில்லை, திரும்ப எடுக்கவேண்டும் என்று மட்டும் மாயா சொன்னாள். ஏன் சரியாக வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

முன்னால் மேம்பாலத்துக்காகத் தகரத் தடுப்பு எழுப்பியதிலிருந்து அந்த அறைக்குப் பகலே கிடையாது. பக்கவாட்டு ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் வரும், அவ்வளவுதான். ஃப்ளாஷ் போட்டால் இருட்டு போய்விடும், கூடவே விரிசலும் போய்விடும். நேராக விழுகிற வெளிச்சத்தில் பள்ளத்துக்கு நிழல் ஏது? ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுக்கவேண்டும். விரிசலின் ஓரம்கூடப் புள்ளி தட்டாமல் துல்லியமாக விழ எட்டு வினாடி.

ட்ரைபாடின் கால்களை அகலமாக விரித்தாள். நடுத்தண்டை உயர்த்தாமல் கீழேயே வைத்தாள். அரிசிப் பை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊசலாடாமல் தரையில் லேசாகப் படும்படி நடுவில் தொங்கவிட்டாள். காற்றில் ஆடுமென்று கேமராவின் வாரைக் கழற்றினாள். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸில் இருக்கிற வசதி, ட்ரைபாடில் வைத்தால் தானே ஒரு ஆட்டத்தை உண்டாக்கும் என்பதால் அதையும் அணைத்தாள். பொத்தானை அழுத்துகிற விரல்கூடக் கேமராவை அசைக்கும். பத்து வினாடி கழித்து அதுவே எடுத்துக்கொள்ளும்படி டைமர் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் இரண்டாக இருந்தது.

அடுப்புப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள். மிஷின் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தண்ணீரில் வளையம் ஓடியது. கையைக் கட்டிப்போட்டாயிற்று, வீட்டை எப்படிக் கட்டிப்போடுவது?

ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்கள். மாடியில் குடியிருக்கும் ரூபினா மோட்டார் மிஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அடைக்கலமேரி கீழேயிருந்து குரல் கொடுத்ததும் அவள் தையலை விட்டுவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். சொம்பில் வளையம் நிற்கவில்லை.

மாயா சேற்றில் இறங்கி, தகரத் தடுப்பைச் சுற்றிப் பைலிங் மிஷினிடம் போனாள். அதை ஓட்டுகிற கமாலுதீன் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். நடுவில் நிறுத்தினால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். பிறகு வாட்சைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு டீ. பத்து நிமிசம் ஆஃப் பண்ணுவேன். அதுக்குள்ள எடுத்துக்க. ஆனா அந்த நேரத்துக்கு கூட்ஸ் வரும் தாயி, அது என் கைல இல்ல."

பதினோரு மணிக்கு மிஷின் நின்றது. அந்த அமைதி காதுக்குப் புதிதாக இருந்தது. மாயா பொத்தானில் விரல் வைப்பதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது. ஜன்னல் கம்பி கடகடவென்று ஆட, எண்ணி முடியாத பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அதிலேயே நான்கு நிமிஷம் தீர்ந்தது. சொம்புத் தண்ணீர் அடங்குவதற்கு இன்னும் கொஞ்சம்.

முதல் படம் எடுக்கும்போது அடைக்கலமேரி கால் மாற்றி நின்றார். அவர் நின்றிருந்த கடப்பாக்கல் லேசாக ஆடியது, படமும் போயிற்று. அவர் ஒன்றும் கேட்காமல் கட்டிலில் போய் உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாவது படத்துக்கு மூன்று பேரும் மூச்சைக்கூட மெல்ல விட்டார்கள்.

இந்த முறை விரிசல் விரிசலாகவே இருந்தது. பக்கத்தில் ஒட்டிய காகித ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடுகளை எண்ணலாம். இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்ததால், விரிசல் மேலே எங்கே போய் முடிகிறது என்று காட்ட கேமராவை மட்டும் கூரைப் பக்கம் சாய்த்தாள். அங்கே கண்ணுக்கு வெறும் இருட்டு. முப்பது வினாடி வைத்தாள்.

கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்த முப்பது வினாடியில் கேமராவுக்குள் சேர்ந்திருந்தது. விரிசல் சுவர் முடிகிற இடத்தில் நிற்கவில்லை. மாடியைத் தாங்குகிற தேக்கு உத்திரம், சுவரில் உட்கார்ந்திருந்த குழியிலிருந்து மூன்று விரல் அகலம் வெளியே நழுவியிருந்தது. உடைந்த செங்கல் ஒன்றின் விளிம்பில்தான் அது நின்றுகொண்டிருந்தது.

"இது இன்னாம்மா?" என்று அடைக்கலமேரி திரையில் கை வைத்தார்.

"உத்திரம்க்கா. செவுத்த வுட்டு வெளிய வந்துகீது."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மாயா முதலில் ரூபினாவை மேலே போகவேண்டாம் என்றாள். பிறகு தகரத் தடுப்பைச் சுற்றி ஓடிக் கமாலுதீனிடம் மிஷினைத் திரும்பப் போடாதீங்க என்று கையாட்டி, கேமராவை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. செங்குட்டுவனுக்குப் படத்தை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அவன் ஒரு மணி நேரத்தில் வந்து, ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்த்து, இறங்கியதும் முட்டுக் கொடுக்கிற ஆட்களுக்குப் போன் போட்டான்.

மத்தியானத்துக்குள் இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உத்திரம் மாற்றி, சுவர் எழுப்ப நாலு மாசம் ஆகும் என்றார்கள்.

சாமான் ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. அடைக்கலமேரி ராயபுரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மாயாவும் ஒரு கை கொடுத்துக் கட்டிலைத் தூக்கி ஏற்றினாள். மாதா படத்தைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடைக்கலமேரி படியில் உட்கார்ந்தார்.

"செவுத்த பூசிக் குடுப்பாங்கன்னு பாத்தேன். கடைசில வூட்ட வுட்டே போறேன்."

கோபம் இல்லை, வெறும் அலுப்புதான். அதைத் தாங்கமுடியாமல் மாயா சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை எடுத்த படம் கெட்டது தன்னால்தான், தூக்க முடியாமல் ட்ரைபாடைக் கொண்டுவரவில்லை, அதனால்தான் சேதம் இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்றாள்.

அடைக்கலமேரி மடியிலிருந்த படத்தின் மேல் புடவையைச் சரியாகச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நீ வந்தப்ப உன் கை நடுங்கிக்கினே இருந்துச்சி. நான் பாத்தேன். சோறு துன்னியாம்மான்னு கேக்கலாம்னு வந்துச்சி வாய்ல, கேக்கல. எனக்கும் அன்னிக்கு முடில. நீ போனா போதும்னு இருந்துச்சி."

மாயா கட்டிலைக் கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இறுக்கினாள். வண்டிக்காரர் பெடலில் காலை வைத்ததும் அடைக்கலமேரி எழுந்து பின்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலையில் மாயா செங்குட்டுவனிடம் போய், வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் எடுத்ததில் அந்த வீடு போக இன்னும் பதினான்கு வீடு, எல்லாமே கையில் பிடித்து எடுத்தவை, எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும் என்றாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். பட்டியலை இரண்டு நாள் தள்ளிவைக்க மேலே கேட்டு வாங்கினான். அந்தப் பதினான்கில் மூன்று வீட்டுச் சுவர்களில் சேதம் தெளிவாக வந்தது. அடுத்த கட்டப் படங்களுக்கு ஒப்பந்தக்காரர் அவளுக்குப் பதில் வேகமாக வேலை பார்க்கிற ஒருவனை வைத்துக்கொண்டார். மாயாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருக்கவில்லை.

நாலு மாசம் என்றது ஏழு மாசம் ஆயிற்று. புது உத்திரம் போட்ட வீட்டுக்கு ரூபினா தையல் மிஷினோடு திரும்பி வந்துவிட்டாள். அடைக்கலமேரி வரவில்லை. ராயபுரத்தில் மிஷின் சத்தம் இல்லாமல் ராத்திரி தூக்கம் வருகிறது, அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.