ஐந்து நட்சத்திர ரசிகர்

நல்ல பெயரின் விலை வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றான் ஹரீஷ். துரைசாமி எண்ணூறில் பேரத்தை ஆரம்பித்தார்.

லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடை அவருக்கு. கடைக்கு இணையதளம் கட்டிக்கொடுத்தவன், நியூ டவுனில் மென்பொருள் வேலை பார்க்கும் அவர் தங்கை மகன் ஹரீஷ். வாடிக்கையாளர்கள் கருத்து எழுத அதில் பொருத்தியிருந்த இலவசப் ப்ளகின் என்ற துணைநிரலில் இப்போது ஓட்டை என்று செய்தி.

“மாமா, அந்தப் பெட்டில எவனாவது கருத்துக்குப் பதிலா ஒரு நிரலை எழுதிட்டா, பக்கத்தைத் திறக்கறவங்க பேர்ல அது வேலை பார்க்கும். நீங்க முதலாளியா நுழைஞ்சு திறந்தா, நீங்களே செஞ்ச மாதிரி. ஓட்டை அடைச்ச ப்ளகின் காசுக்குத்தான், அதுக்குத்தான் அந்த ஆயிரத்து எண்ணூறு.”

“எண்ணூறு.”

“விக்கறவன் எந்த நாட்லயோ இருக்கான். பேரம் பேச ஆளே கிடையாது.”

“ஆளே இல்லாத கடைல முழு விலை குடுக்கறவன் நான் இல்ல.”

பத்து நாளில் ஒரு விமர்சனம் வந்தது. பெயர் ‘ரசிகர்’. ஐந்து நட்சத்திரம். கருத்து இருக்க வேண்டிய இடம் காலி.

“வார்த்தையே வரலை போல,” என்று துரைசாமி நெகிழ்ந்தார். காலையில் கடை திறக்குமுன் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அதைத் திறந்து பார்த்தார். நாலரை நட்சத்திரத்தோடு நின்றுபோன எதிர்க்கடை ராஜ்மோகனுக்கும் காட்டினார்.

நவராத்திரிக்கு நாற்பது கிலோ வேண்டுமென்று தமிழ்ச் சங்கத்து ஷியாமளா கைபேசியோடு வந்து நின்றாள். வருடத்தின் பெரிய வியாபாரம் அது.

“கிலோ ஐந்நூத்தித் தொண்ணூறு. பில் போடுங்கோ.”

“தொள்ளாயிரம்மா!”

“உங்க பையிலயே அச்சடிச்சிருக்கேளே, ‘இணைய விலையே இறுதி விலை’ன்னு?”

பேரத்தைத் தவிர்க்க அவரே போட்ட வாசகம். ஹரீஷை வரவழைத்தார். அவன் மடிக்கணினியில் துழாவினான்.

“இந்தக் காலி விமர்சனம்தான். உள்ளே நிரல் இருக்கு. நீங்க திறக்கும்போதெல்லாம் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைச்சிருக்கு. முப்பத்தொரு தடவை திறந்திருக்கீங்க.”

“ராஜ்மோகனுக்குக் காட்டினதையும் சேர்த்தா?”

“சேர்த்துத்தான். அழிக்கணும்.”

“அட, இவ்வளவு நல்ல மனுஷனையா? இதைப் பாரேன்...” என்று துரைசாமி தன் கைபேசியில் அதைத் திறந்து நீட்டினார்.

ஷியாமளா தன் திரையைப் பார்த்தாள். “இப்போ ஐந்நூத்தி எண்பது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா சார்?”

ஹரீஷ் கைபேசியைப் பிடுங்கினான்.

“நட்சத்திரத்தை விட்டுட்டு மத்ததை அழிக்க முடியாதாடா?”

“முடியாது மாமா.”

அழித்தான். துரைசாமி ஷியாமளாவோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, அறுநூற்றைம்பதில் கை குலுக்கினார்.

அவள் போனதும் பேரேட்டைப் பிரித்தார். நாற்பது கிலோவின் விலை முப்பத்தாறாயிரம். சங்கம் தந்தது இருபத்தாறாயிரம். கீழே, புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி எழுதினார்: பாக்கி பத்தாயிரம், திரு. ரசிகர், விலாசம் தெரியாது.