“பிறகு நினைவூட்டு” என்ற பொத்தான்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நீல நிற அறிவிப்பிலிருந்து கிடைத்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் என் வீட்டுக் கணினித் திரையில் அது வந்து நின்றது: உங்கள் விண்டோஸின் காலம் முடிந்தது, புதியதற்கு மாறுங்கள். கீழே இரண்டு பொத்தான்கள். “இப்போதே மாறு”, “பிறகு நினைவூட்டு”. ஏழு முறை இரண்டாவதை அழுத்தினேன். எட்டாவது முறை, இதைக் கதையாக எழுதலாமே என்று தோன்றியது.

முதல் தொடக்கம் இது: “ஐம்பத்திரண்டு வயதான எழுத்தாளர் ஒருவர் தன் கணினியின் முன்னால் அமர்ந்து, நெடுநேரமாக...”

அங்கேயே விட்டுவிட்டேன். என்னிடம் தொலைந்துபோக என்ன இருக்கிறது? பத்துக் கட்டுரை, பாதி நாவல். அவை அழிந்தால் தமிழ் தாங்கிக்கொள்ளும். இழப்பதற்கு நிஜமாகவே ஏதாவது வைத்திருப்பவர் கையில் அந்தப் பொத்தானைக் கொடுக்க வேண்டும்.

2

ஆகவே ஹேமலதா. ஆம்பூர். வயது நாற்பத்தாறு. ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் பேட்டர்ன் போட்டவள். தோலை எந்த வடிவத்தில் வெட்டினால் செருப்பாகும் என்று வரைகிற வேலை அது. இப்போது வீட்டிலிருந்தே, கடைச் செருப்பு பொருந்தாத கால்களுக்கு வரைகிறாள்: சர்க்கரை நோயால் உணர்ச்சி போன கால்கள், விரல் எடுத்த கால்கள். வேலூர்க் கிளினிக் ஒன்று ஆட்களின் அளவை அனுப்பும். ஹேமலதா வரைவாள். அடுத்த தெரு ஃபரீதா தைப்பாள். ஆளுக்கொரு கோப்பாக, கணினியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பாதங்கள் இருந்தன.

(அவளுக்கு ஒரு கணவரையும் எழுதியிருந்தேன். மூன்று பக்கம் சோபாவில் உட்கார்ந்து “மாத்திடு, மாத்திடு” என்று சொன்னதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. ஓசூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவார்.)

3

நவம்பரில் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அளவுகள் ஒரு புதிய செயலி வழியாகத்தான் வரும். பழைய விண்டோஸில் அது ஓடாது. ஹேமலதா வரைகிற மென்பொருளோ பதினான்கு வருடப் பழசு. அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். புதிய விண்டோஸில் அது திறக்குமா என்று சொல்ல ஆளில்லை. மாறினால் இருக்கிற பாதங்கள் போகலாம். மாறாவிட்டால் புதிய பாதங்கள் வராது.

“இன்னாக்கா, இன்னும் மாத்தலியா?” என்றாள் ஃபரீதா.

“போய்ட்டா இன்னா பண்றது? முந்நூறு பேரு கால் ஃபரீதா.”

“தெனம் அந்தப் பொட்டியப் பாத்துப் பாத்து உனக்கு பிபிதான் ஜாஸ்தியாவுது. பேஜாரா இருக்குது எனக்கு. அடுத்த மாசம் நான் எதைத் தைக்கிறது?”

ஹேமலதா “பிறகு நினைவூட்டு” என்பதை அழுத்தினாள்.

(பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பிவிடலாம் என்று ஒரு வசதி உண்டு. கணினி தெரிந்தவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஹேமலதாவும் கேள்விப்பட்டிருக்கிறாள். திரும்பி வரும்போது எல்லாம் இருந்தபடி இருக்கும் என்று அவளுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?)

4

இதுவரை எழுதிவிட்டு ஒரு வாரம் கதையைத் தொடவில்லை. ஒரு பொத்தானின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். யாராவது கதவைத் தட்டியாக வேண்டும்.

பட்டம்மாள் தட்டினார். ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர். பதினைந்து வருடச் சர்க்கரை. முந்தைய மாதம் போனில், “பழசு பிஞ்சிடுச்சும்மா, அதே மாதிரி ஒண்ணு போடு” என்று சொல்லியிருந்தார். ஹேமலதா கோப்பைத் திறந்தாள், வரைந்தாள், ஃபரீதா தைத்தாள், செருப்பு பஸ்ஸில் போயிற்று.

“செருப்பு நல்லாத்தான் இருக்குது. உள்ள மட்டும் ஈரமா இருக்குது, இன்னான்னு பாரு” என்றார் பட்டம்மாள்.

ஹேமலதா செருப்பைக் கழற்றினாள். ஈரம் ரத்தம். சுண்டுவிரல் அடியில் தோல் கிழிந்து குழியாகியிருந்தது.

“வலிக்கலியாம்மா?”

“வலிச்சா நான் ஏன் போட்டுக்கினு நடக்கப் போறேன்?”

ஹேமலதா டேப்பை எடுத்து அளந்தாள். கோப்பில் இருந்ததைவிடக் கால் ஒன்பது மில்லிமீட்டர் அகலம். கோப்பின் தேதியைப் பார்த்தாள். மூன்று வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோழையானேன். ஒரு வரைவில் எழுதினேன்: “பழைய மென்பொருளின் கோளாறால் அளவு தவறாகி...” வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மென்பொருளில் கோளாறே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு வரைவில், அளக்கக் கூப்பிட்டும் பட்டம்மாள் வரவில்லை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ஏனென்றால் அதற்குள் ஹேமலதா சொல்லிவிட்டாள்:

“என் தப்பும்மா. உங்கள வரச் சொல்லி அளந்திருக்கணும்.”

“சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்றார் பட்டம்மாள்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஹேமலதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றே வாடகைக் கார் பிடித்து வேலூருக்கு அழைத்துப்போனாள். புண்ணைச் சுத்தம் செய்த டாக்டர், இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரல் போயிருக்கும் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஹேமலதா அழுதாள். பட்டம்மாள் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டீ வந்தது.

5

மறுநாள் ஹேமலதா கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேதி பார்த்தாள். இரண்டு வருடம். நான்கு வருடம். ஆறு. எந்தப் பாதங்களைக் காப்பாற்ற ஒரு மாதமாகத் தவித்தாளோ, அவற்றில் பாதிக்குமேல் இப்போது யாருடைய பாதமும் இல்லை.

ஒரு டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்தாள். பிறகு ஒரு நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் எழுதினாள். அளவுகளை எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை பட்டம்மாள் கட்டுப் போட்ட காலோடு வந்தார். ஹேமலதா தரையில் பழுப்புக் காகிதம் விரித்து, அந்தக் காலை அதன்மேல் வைத்து, கட்டுக்கும் இடம் விட்டுப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இது மறுபடி கேக்குது” என்றாள் கணினிப் பக்கம் நின்ற ஃபரீதா.

“அழுத்து.”

“எதை?”

“முதல் பொத்தான.”

“நெஜமாவா?”

“அழுத்துடி. காலைப் புடிச்சிட்டிருக்கேன், நகர முடியாது.”

ஃபரீதா அழுத்தினாள். திரை கறுத்தது. சதவீதம் ஓட ஆரம்பித்தது. பதினேழில் நின்றபோது ஃபரீதா “யா அல்லா” என்றாள். ஹேமலதா நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிகாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

6

புதிய செருப்பு நான்கு நாளில் தயாரானது. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. கிளினிக்கின் செயலி புதிய விண்டோஸில் ஓடியது. இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை.

பழைய மென்பொருள் திறந்ததா என்பதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் திறக்கிறது, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மற்றதில் ஒரு பிழைச் செய்தி வருகிறது. ஃபரீதா தலையில் கை வைத்துக்கொள்கிறாள். வேறு மென்பொருள் கற்க ஹேமலதாவுக்கு இரண்டு மாதம் பிடிக்கிறது. எதை வைப்பது என்று பல நாள் யோசித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் கவனித்தேன், அதற்கு அடுத்த பத்தி இரண்டிலும் ஒன்றேதான். நோட்டைப் பிரித்து அவள் முதல் பெயருக்குப் போன் செய்கிறாள்.

“ஆம்பூர்லருந்து ஹேமலதா பேசறேன். ஒரு நாள் வர முடியுமா? அளவு எடுக்கணும்.”

“செருப்பு நல்லாத்தானேம்மா இருக்குது?”

“செருப்ப விடுங்க. காலைப் பாக்கணும்.”

எனவே அந்த மென்பொருள் திறந்ததா இல்லையா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எது பிடிக்கிறதோ அது. அவளைக் கேட்கலாம் என்றால், அவள் இரண்டாவது பெயருக்குப் போய்விட்டாள். லைன் பிஸி.