ஏழாவது மட்டும் வேண்டாம்

அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று கூட்டமில்லை. கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காரும் உயர நாற்காலியில் அவளே ஏறி உட்கார்ந்து சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் இதெல்லாம் தேவையா என்று தோன்றியது. ஆனாலும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. ரெண்டு பக்கம் புரட்டுவாள், எழுந்து போய் ஏற்கெனவே துடைத்த பிரேம்களை மறுபடி துடைப்பாள், திரும்ப வந்து உட்காருவாள்.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், மனைவியை இழந்தவர். வாய் ஓயாமல் பேசுகிற நல்ல மனுஷன். கவலையெல்லாம் அவருடைய மகளைப் பற்றித்தான். பதின்மூன்று வயது. அப்பா குருவி என்று கூப்பிடுவார். குருவி இவளை ஆன்ட்டி என்றும் அழைக்கவில்லை, சித்தி என்றும் அழைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சே எழாமல் போகவே, குருவி எந்நேரமும் காமிக்ஸும் கையுமாக இருப்பது நினைவுக்கு வந்து, "எனக்கு ஒரு நல்ல காமிக்ஸ் சொல்லேன். எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டு வைத்தாள். குருவி அப்போதுதான் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"காதுக்காரின்னு ஒரு தொடர். ஊர்ல யார் அழுதாலும் அவளுக்குக் கேக்கும். முதல் ரெண்டும் சுமார்தான். மூணாவதுலேருந்து சூடு பிடிக்கும். நாலாவதுல அவ அம்மா செத்துடுவாங்க. அதுதான் பெஸ்ட்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆறோட நிறுத்திடுங்க. ஏழாவது மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

நாலாவதை வாசித்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஊரார் அழுகைக்கெல்லாம் காதுக்காரி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் அம்மா சத்தமில்லாமல் போய்விடுகிறாள். அந்தப் பக்கத்தில் வசனமே இல்லை.

ஆறு முடிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. ஏன் வேண்டாம் என்றாள்? எதிலிருந்தோ தன்னை ஒதுக்கி வைக்கிறாளோ? மதியம் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போய் ஏழாவதை வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். அம்மா திரும்பி வந்துவிடுகிறாள். செத்ததே பொய்யாம், வில்லனின் சூழ்ச்சியாம். கடைசிப் பக்கத்தில் ஊரே கை தட்டுகிறது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அவள் போனபோது, எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து அவர் கிளம்பிப் போயிருந்தார். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பையைக் கவிழ்த்தாள். ஏழாவதும் கூடவே வந்து விழுந்தது.

"சொன்னேன்ல."

"சொன்ன. நான்தான் கேக்கல."

குருவி அட்டையைத் தொடாமலே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். "எரிச்சலா இருந்துச்சு. நாலாவதுக்கு நான் அழுதேன். அதெல்லாம் சும்மா விளையாட்டுன்னு சொல்லிட்ட மாதிரி ஆயிடுச்சு."

குருவி நாற்காலி விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "எங்கம்மா செத்த வருஷம்தான் இது வந்துச்சு. அப்பா வாங்கிட்டு வந்து, 'பாரு குருவி, இவ அம்மா திரும்ப வந்துட்டாங்க'ன்னு குடுத்தார். அட்டையை மட்டும்தான் பாத்திருப்பார். நான் சந்தோஷப்படுவேன்னு நினைச்சிட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சூப்பரா இருக்குப்பான்னு சொன்னேன்."

குருவியின் தோளை நோக்கி நீண்ட அவள் கை, பாதியில் திரும்பி மேஜைக்கே வந்தது. குருவி விருட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கெடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். ஜன்னல் வரை நடந்தாள், திரும்பினாள். போய்விடலாமா, அவர் வரும்வரை இருக்கலாமா? பையைத் தோளில் மாட்டினாள், கழற்றினாள்.

கதவு திறந்தது. குருவி கையில் தடியாக வேறொரு புத்தகம்.

"இது வேற ஆளு. பறக்கவெல்லாம் மாட்டான்."

அவள் உட்கார்ந்து பிரித்தாள். குருவி போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். மூச்சு அவள் பிடரியில் பட்டது. முதல் பக்கம் முடிந்து அவள் புரட்டப் போனாள்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல."

பக்கத்தின் நுனியைப் பாதி தூக்கியபடியே அவள் கை நின்றது.