கில்ரோஸ் ஆய்வகத்தின் பின்வாசல்

முர்டோ ஸ்ட்ராங்கின் செம்மறி ஒன்று, செத்த மறுநாள் காலையில் தானே நடந்து வந்து கில்ரோஸ் கால்நடை நோய் ஆய்வகத்தின் பின்வாசலில் நின்றது. நியூசிலாந்தின் தென்கோடியில் அது கம்பளி வெட்டும் பருவம். கம்பளி விலை சுமாராக இருந்தது, காற்று வழக்கம்போல் தெற்கிலிருந்து அடித்தது. கதவைத் திறந்த டாக்டர் எல்ஸ்பெத் கில்லாண்டர்ஸ் ஆட்டின் கண்ணைப் பார்த்தாள், மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள், செத்ததுதான் என்று உறுதியானதும் உள்ளே விட்டாள். ஆடு மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அறுத்துப் பார்த்து, காரணம் கண்டு, திரும்ப நேர்த்தியாகத் தைத்துவிட்டு, அவள் முர்டோவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உங்க ஆடு ஒண்ணு இங்க வந்திருக்கு, மிஸ்டர் ஸ்ட்ராங்."

"எந்த ஆடு?"

"செத்த ஆடு."

"அதை நேத்தே குழி வெட்டிப் பொதைச்சாச்சே, டாக்டர்."

"ஆமா, மேலெல்லாம் மண்ணு. குடல் முறுக்கிக்கிட்டுச் செத்திருக்கு. தொத்து வியாதி இல்ல. மத்த ஆடுங்களப் பத்திக் கவலைப்படாதீங்க."

"அப்போ அதுவே திரும்பி வந்துடுமா, இல்ல நான் வண்டி கொண்டாரணுமா?"

வண்டிதான் கொண்டுவர வேண்டியிருந்தது. காரணம் இன்னதென்று சொல்லப்பட்டதும் ஆடு அசையாமல் கிடந்துவிட்டது.

அதன் பிறகு அந்த வட்டாரத்தில் செத்த பிராணிகள் எல்லாம் ஆய்வகத்துக்கு வரத் தொடங்கின. மாடுகள் வந்தன, பன்றிகள் வந்தன, மதுக்கடைக்காரரின் கிழட்டுக் குதிரை வந்தது. சாலையில் இடது ஓரமாகவே நடந்தன. பின்வாசலில் செத்த வரிசைப்படி நின்றன, முந்தியடிக்கவில்லை. பாதிரியார் இதைப் பற்றி ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்யப் பார்த்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பொறுமையைப் பற்றிப் பேசி முடித்தார். ஆய்வகத்தில் எல்ஸ்பெத்துடன் வேலை பார்த்த ஹேனி பரத்தாவுக்கு மட்டும் இதில் ஆச்சரியமில்லை. கத்தி வைக்கும் முன் எல்ஸ்பெத் ஒவ்வொரு பிராணியின் காதருகிலும் குனிந்து, "மன்னிச்சுக்கோ, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்று சொல்வதை அவள் தினமும் கேட்டவள். அப்படி ஒரு மரியாதை கிடைக்குமென்றால் யார்தான் வரமாட்டார்கள் என்பாள் ஹேனி.

உயிருள்ளவற்றிடம்தான் எல்ஸ்பெத்துக்குச் சரிப்படவில்லை. நாய்கள் அவளைக் கண்டால் குரைத்தன. கறவை மாடு திரும்பிப் பார்த்தாலே ஓரடி பின்னால் போய்விடுவாள். ஊர்மன்றத்து நடனங்களில் சுவரோடு ஒட்டி நின்று, கையில் சீஸ் ரோல் ரொட்டியோடு, யாரும் கூப்பிடுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனாலும் அந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். புல்லில் தாமிரம் குறைந்து கன்றுகள் சாவதைக் கண்டுபிடித்தாள். ஈரல் புழு எந்தச் சதுப்பிலிருந்து வருகிறதென்று சொன்னாள். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களில் அவளுடைய கட்டுரைகள் வந்தன. 'மாதிரிகள் தாமாகவே வந்து சேர்ந்தன' என்று ஒவ்வொன்றிலும் நேர்மையாக எழுதினாள். ஆசிரியர்கள் அதைத் தபாலில் வந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சாய்நோய் வந்தது. பிறந்த வாரத்திலேயே குட்டிகளின் தலை ஒருபக்கமாகச் சாயும். அடுத்த நாள் உயிர் போகும். முதல் வசந்தத்தில் சில பண்ணைகளில்தான் இருந்தது, மூன்றாம் வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. செத்த குட்டிகளின் வரிசை பின்வாசலில் தொடங்கி, ரொட்டிக்கடையைத் தாண்டி, ரயில் நிலையம் வரை நீண்டது. கால் நிற்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. ரொட்டிக்கடைக்காரர் மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். எல்ஸ்பெத் ஒன்றைக்கூடத் திருப்பியனுப்பாமல் அறுத்துப் பார்த்தாள். மூளை வீங்கியிருந்தது, அதற்குக் காரணமான கிருமியையும் பிரித்தெடுத்தாள், அதைக் கொன்று தடுப்பூசி செய்து குட்டிகளுக்குப் போட்டாள். ஊசி போட்ட குட்டிகளும் வரிசையில் வந்து நின்றன. ஊசி சொல்லிக்கொடுப்பதை உடம்பு கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். குட்டிகளுக்கு அவ்வளவு ஆயுளே இல்லை. ஒவ்வொன்றையும் தைத்து மூடும்போது, "காரணம் தெரிஞ்சுதான் இருக்கு, ஆனா ஒண்ணும் பண்ண முடியல" என்று அவள் சொன்னாள். குட்டிகள் அதைக் கேட்டும் நிம்மதியாகத்தான் கிடந்தன. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தலைநகரிலிருந்து ஹெக்ஸ்டல் என்ற அதிகாரி வந்தார். மாதம் முடிவதற்குள் தீர்வு இல்லையென்றால் பள்ளத்தாக்கின் மந்தைகள் அத்தனையையும் சுட்டுப் புதைப்பது என்ற உத்தரவோடு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வரிசையைப் பார்த்ததும் தொப்பி கீழே விழுந்தது.

"இதுக்கெல்லாம் யார் அனுமதி குடுத்தது?"

"செத்தப்புறம் அனுமதி கேக்குற வழக்கம் இந்த ஊர்ல இல்லீங்க சார்," என்றாள் ஹேனி. "நீங்க கொஞ்சம் நகந்து நில்லுங்க. அவங்க வழியில நிக்கிறீங்க."

அதற்கு மறுநாள் வரிசையின் நடுவில் ஓர் ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. எல்ஸ்பெத் பழக்கப்படி மூக்கருகே கையை வைத்தாள். சூடான மூச்சு பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அது உயிருள்ள தாயாடு. தலை நிரந்தரமாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. சாய்நோய் வந்த முதல் வசந்தத்தில் எப்படியோ பிழைத்து வளர்ந்துவிட்ட ஆடு. அதன் வயிற்றடியில் ஒரு குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் செத்த குட்டிகள் நிற்க, அது ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து இருந்தது.

எல்ஸ்பெத் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அது பால் குடிப்பதைப் பார்த்தாள். ஆட்டைத் தேடிக்கொண்டு முர்டோ தன் பழைய வண்டியில் வந்து சேர்ந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"சீம்பால்," என்றாள் அவள். "ஆத்தா ஒடம்பு கத்துக்கிட்டதைக் குட்டிக்குச் சீம்பால்ல குடுத்திருக்கு. நான் முட்டாள் மாதிரி குட்டிக்கே பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன்."

"யார் வேணா பண்றதுதான், டாக்டர். எழுந்திருங்க, பாவாடையெல்லாம் நனையுது."

"இதோட ரத்தம் வேணும். ஆனா இது... மூச்சு விடுது."

"நல்ல ஆடுங்க அப்படித்தான் பண்ணும்," என்றான் முர்டோ. ஆட்டை முழங்காலிடுக்கில் பிடித்து உட்கார வைத்து, அவள் கையை எடுத்து அதன் கழுத்தில் வைத்தான். "பயப்படாதீங்க. அது ஒங்களப் பாக்கத்தான் வந்திருக்கு." அவள் குனிந்து அதன் காதில், கொஞ்சம் வலிக்கும் என்று சொன்னாள். ஆடு காதை ஆட்டியது. காதை ஆட்டிப் பதில் சொல்லும் பிராணியை அவள் அதற்கு முன் தொட்டதில்லை.

அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிநீரை முர்டோவின் பண்ணையில் அன்று பிறந்த குட்டிகளுக்குப் போட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கும் தலை சாயவில்லை. ஆனால் ஓர் ஆட்டின் ரத்தம் பள்ளத்தாக்குக்குப் போதாது. எல்ஸ்பெத் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த காலையில், தலை சாய்ந்த ஆடுகள் மலைப் பண்ணைகள் எல்லாவற்றிலிருந்தும் இறங்கி வந்தன. வேலிகளை எப்படித் தாண்டின என்பது தெரியவில்லை. எந்த வேலியும் உடைந்திருக்கவில்லை. அவை வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. ஹேனி குழாய்களை நீட்ட, முர்டோ ஆடுகளைப் பிடிக்க, எல்ஸ்பெத் ரத்தம் எடுத்தாள். ஹெக்ஸ்டல் கோட்டைக் கழற்றிவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தார். மாதக் கடைசியில் தலைநகருக்குத் தந்தி அடித்தார்: சுட வேண்டியதில்லை. மேல்விவரம் கேட்டார்கள். நேரில் வந்து பார்க்கச் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில், ஈனுவதற்குச் சில வாரம் முன்பாகத் தாயாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. குட்டிகள் சீம்பாலோடு அந்த எதிர்ப்புச் சக்தியையும் குடித்துக்கொண்டு பிறந்த பண்ணையிலேயே வளர்ந்தன. பின்வாசல் வெறிச்சோடியது. தலைநகரின் பெரிய ஆய்வகத்தில் நோய் எதிர்ப்புத் துறைக்கே தலைமை ஏற்க அவளை அழைத்தார்கள். ஹேனி, "போயிட்டு ஒரு மாசத்துல திரும்பி வருவ, எதுக்கு ரயில் செலவு" என்றாள். எல்ஸ்பெத் தீர்மானிக்க முடியாமல் பெட்டியில் பாதி துணியை அடுக்கி வைத்திருந்தாள். அப்போதுதான் ஒரு நாள் காலையில் பின்வாசலைத் திறந்தபோது முர்டோ ஸ்ட்ராங் நின்றிருந்தான். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் யாருமில்லாத வரிசையில் ஒழுங்காக நின்றிருந்தான்.

"இங்க என்ன பண்றீங்க, மிஸ்டர் ஸ்ட்ராங்?"

"உயிரோட இருக்குறவங்களையும் இப்போ பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

அவள் அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நாடி ரொம்ப வேகமா அடிக்குது."

"நீங்க குட்டிங்களுக்கு மொதல்ல ஊசி போட வந்த வருஷத்துலருந்தே அப்படித்தான் அடிக்குது."

"முன்னாடியே வந்திருக்கணும்," என்று கண்டித்தாள் அவள். "உள்ள வாங்க."

தலைநகருக்கு வர இயலாதென்று அவள் எழுதிய நாளில் ஹேனி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்கோன் என்ற சின்ன ரொட்டிகளைச் சுட்டாள். நாய்கள் மட்டும் எல்ஸ்பெத்தைப் பார்த்துக் கடைசிவரை குரைத்தன, அது தீரவேயில்லை.

இப்போதும் குளிர்காலத்தில் ஒரு காலைவேளை, பள்ளத்தாக்கின் சினையாடுகள் நாயோ ஆளோ ஓட்டாமல் தாமே கில்ரோஸுக்கு இறங்கி வந்து ஊசி போட்டுக்கொண்டு போகின்றன. எந்த நாள் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, ஆய்வகத்தில் மருந்து தயாராக இருந்தால் சரி. பள்ளிக்கூடம் அன்று தாமதமாகத் தொடங்கும். வெளியூர் ஓட்டுநர் யாராவது ஒலிப்பானை அழுத்தினால், வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து ஒரு டீ குடிக்கும்படி ரொட்டிக்கடையில் சொல்வார்கள். சில வருஷங்களில் எங்கோ தொலைவிலிருந்து செத்த கிழ ஆடு ஒன்று அதே காலையில் மெதுவாக நடந்து வரும். ஊசிக்கு நிற்கும் ஆடுகள் ஒதுங்கி, அதை முதலில் உள்ளே போக விடும்.